முதியோர் இல்லத்தில் சுகர்: ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள்

எண்பதைத் தாண்டி, நடமாட்டம் குறைந்து, ஞாபகமும் தடுமாறுகிற ஒருவருக்கு ஹெச்பிஏ1சி-யை (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5-க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று மல்லுக்கட்டாதீர்கள். அதனால் வரும் நன்மை தெரியப் பல வருஷம் ஆகும், ஆனால் சுகர் இறங்கினால் இன்றைக்கே பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு உடையும். ரொம்பவும் தளர்ந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் சுகர் 100 முதல் 180, படுக்கும்போது 110 முதல் 200 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். ஆளுக்கு ஆள் இது மாறும், அதனால் டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வயதானவர்களுக்கு லோ சுகர் வந்தால் வியர்வையும் நடுக்கமும் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. மந்தமாக உட்கார்ந்திருப்பார், சம்பந்தமில்லாமல் பேசுவார், காரணமில்லாமல் எரிந்து விழுவார், தட்டைத் தள்ளிவிடுவார். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று போய்விடாமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். (விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், மாம்பழம் சாப்பிட்ட கை என்றால் மீட்டர் எகிறும், லோ இருப்பதே தெரியாது.) 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் (சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸே வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால் இறங்கியது என்றால் ஒரு தடவை ஏறியதோடு விஷயம் முடியாது, திரும்ப இறங்கும், அன்று ராத்திரியும் பார்க்க வேண்டும். அடிக்கடி இறங்கினால் மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டரை நச்சரியுங்கள், தப்பில்லை.

இன்சுலினில் நான் அதிகம் பயப்படுவது சிரிஞ்சுக்குத்தான். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இன்சுலின் பேனா உடைந்துபோச்சே என்று அதிலுள்ள 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால், பத்து யூனிட் என்று நினைத்துப் போடுவது இருபத்தைந்தாகப் போய்விடும். அப்புறம், சாப்பாடு முன்னால் வந்து, அவர் சாப்பிடுவார் என்று தெரிந்த பிறகே சாப்பாட்டு நேர இன்சுலின் ஊசி. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடும் பழக்கம் உள்ளவருக்குச் சாப்பிட்டதும் போடுகிற வகை இன்சுலின் ஒத்துவருமா என்று கேளுங்கள். சஷ்டி, அமாவாசை என்று விரதம் இருக்கிற பாட்டிகளிடம் முந்தின நாளே பேசி, டாக்டரையும் கேட்டுவிடுங்கள்.

சுகர்காரர்களுக்கென்று உப்புச்சப்பில்லாத தனிச் சமையல் வேண்டாம். பிடிக்காமல் சாப்பாடு குறைந்து எடை இறங்குவதுதான் நடக்கும். எல்லோருக்கும் போடுவதையே போடுங்கள், சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பு, முட்டை, காய் கூட்டுங்கள், பண்டிகை நாளில் அரை டம்ளர் பாயசம் கொடுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள்.

குளிப்பாட்டும்போதே பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிடலாம். உணர்ச்சியில்லாத காலில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்த நாளில் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய சுகர் மாத்திரைகளைத் தொடரலாமா என்று டாக்டரிடம் அன்றே போன் போட்டுக் கேளுங்கள். ஆனால், சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக முழுசாக நிறுத்திவிடாதீர்கள்.