சென்சிடிவ் சருமமா என்று பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

புது மாய்ஸ்சரைசர் போட்ட ஐந்தாவது நிமிடம் கன்னம் சுரீரென்று எரிகிறது. உடனே ‘எனக்கு சென்சிடிவ் ஸ்கின்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு கடையில் அந்தப் பெயர் போட்ட ட்யூபாகத் தேடி வாங்குவோம். அதுவும் எரிந்தால் அடுத்தது. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் தோல் சென்சிடிவ் என்றுதான் சொல்கிறார்கள். அத்தனை பேருக்கும் இருப்பது ஒரே பிரச்சினை இல்லை. சிலருக்கு அலர்ஜி, சிலருக்கு ரோசேசியா என்ற, முகம் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய், சிலருக்குப் பொடுகோடு சேர்ந்து வரும் தோல் அழற்சி, சிலருக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு. இவற்றைப் பிரித்தறியச் சோதனைகள் இருக்கின்றன. எந்தச் சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பார்க்காமல் செய்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

அரிப்பு பற்றி ஆராயும் பன்னாட்டு மன்றம் ஒன்றைச் சேர்ந்த நிபுணர்கள் 2017இல் சென்சிடிவ் சருமத்துக்கு ஒரு வரையறை தந்தார்கள். மற்றவர்களை ஒன்றும் செய்யாத விஷயங்கள் பட்டாலே எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி, குறுகுறுப்பு வர வேண்டும். அந்தத் தொல்லைக்குக் காரணமாக வேறு எந்தத் தோல் நோயும் இருக்கக் கூடாது. தோல் சிவந்திருக்கலாம், பார்க்கச் சாதாரணமாகவும் இருக்கலாம். உடம்பில் எங்கும் வரலாம், முகத்தில்தான் அதிகம். இந்த வரையறையில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது முதலில் ஓர் உணர்வு. இரண்டு, மற்ற நோய்கள் இல்லை என்று பார்த்த பிறகே இந்தப் பெயரைச் சூட்ட முடியும்.

முதல் விஷயத்தை மறந்தவர்கள் பியூட்டி பார்லரில் இருக்கும் ‘ஸ்கின் அனலைசர்’ முன் போய் உட்கார்கிறார்கள். அந்தக் கேமரா எண்ணெய்ப் பசை, நிறத்திட்டு, துளைகள் எல்லாம் காட்டும். எரிச்சலை எந்தக் கேமரா படம் பிடிக்கும்? ஆய்வுக்கூடங்களில் தோல் வழியாக ஆவியாகும் ஈரத்தை அளக்கும் கருவி இருக்கிறது. தோலின் மேலரண் பழுதாகியிருக்கிறதா என்பதை அது சொல்லும். ஆனால் அளவு சரியாக இருந்தும் எரிச்சலில் தவிப்பவர்கள் உண்டு. அந்தக் கருவியையும் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில், தோல் அந்தச் சூழலுக்குப் பழகிய பிறகே வைக்க வேண்டும். வெயிலில் வண்டி ஓட்டி வந்த முகத்தில் அளந்தால் வியர்வையைத்தான் அளந்ததாகும். மருத்துவர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று இவற்றைவிட எளிது: எரிச்சல், அரிப்பு, இறுக்கம், சூடு என்று பத்து விஷயங்களுக்கு நீங்களே 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். அனுபவிப்பவர் சொல்வதே இங்கே முதல் ஆதாரம்.

சிவப்பைத் தேடுவது இன்னொரு தவறு. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். கன்னம் ரோஜா நிறத்தில் இருக்கும். மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் அப்படித் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருத்தோ இருக்கும். பலருக்கு எதுவும் தெரியாமல் போய், எரிச்சல் அடங்கிய பிறகு அந்த இடத்தில் மங்கு போலக் கருந்திட்டு விழும். அது மறைய மாதக்கணக்கில் ஆகலாம். ‘கறுத்துப்போச்சு’ என்று அதற்கும் ஒரு பிளீச்சிங் கிரீம் போட்டால் கதை முற்றும். பாத்ரூம் விளக்கில் பார்க்காமல் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு கன்னங்களையும் ஒப்பிடுங்கள். புறங்கையால் தொட்டுச் சூட்டையும் சொரசொரப்பையும் கவனியுங்கள். ரோசேசியா நம் நிறத்தவர்களுக்குத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்தச் சிவப்புத் தேடலும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடப் பணமும் நாட்களும் வீணாவது ரத்தப் பரிசோதனையில்தான். முகத்தில் கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் லேபில் ‘அலர்ஜி பேக்கேஜ்’ எடுக்கிறார்கள். அது பார்ப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை. தும்மல், தடிப்பு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடு வீங்குவது போன்ற உடனடி அலர்ஜிகளுக்கு அது உதவும். கிரீம், சாயம், உலோகம் பட்டு ஓரிரு நாள் கழித்துக் கிளம்பும் தொடு ஒவ்வாமை வேறு வகை; அதை நடத்துவது டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள். ரத்தத்தில் ஐஜிஇ பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அறிக்கையில் கத்தரிக்காய்க்கும் இறாலுக்கும் நேரே ஏதோ ஒரு எண் கூடுதலாக இருக்கும். ஏற்கெனவே வீட்டில் கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். கவரிங் கம்மலைக் கழற்றாமல் கருவாட்டை நிறுத்துவார்கள்.

தொடு ஒவ்வாமைக்கு உரிய சோதனை பேட்ச் டெஸ்ட். சந்தேகப் பொருட்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாவது முறை போகாமல் விடுவது பலர் செய்யும் தவறு. தாமதமாகத் தலைகாட்டும் ஒவ்வாமைகள் முதல் பார்வையில் சிக்காது. ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்த்து ஒழுகவும் கூடாது. அதனால் முடிந்தவரை சித்திரை வெயிலில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அது முடிவை மறைத்துவிடும்.

நம் ஊரில் இந்தச் சோதனையில் அடிக்கடி மாட்டுபவை: கவரிங் நகையின் நிக்கல், ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம், வாசனைப் பொருட்கள், கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள், பார்த்தீனியச் செடி. ஸ்டிக்கர் பொட்டின் பசையும் உண்டு. தொட்ட இடத்திலேயே தடிப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகப் பூச்சு ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ணிமையில் அரிக்கும். விரலில் ஒன்றும் தெரியாது. தலைக்கு டை போட்டால் நெற்றி, காது, கழுத்தில் கிளம்பும். பார்த்தீனியம் காற்றில் வந்தே முகத்தையும் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் பிடிக்கும். வயல் வேலை செய்பவர்கள் அதை வெயில் அலர்ஜி என்றே வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பேட்ச் டெஸ்டில் ஏதாவது வந்தால் நல்லதுதான். தவிர்க்க வேண்டிய பொருளின் பெயர் கையில் கிடைத்துவிட்டது. ஒன்றும் வராவிட்டால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டில் சொல்வார்கள், அதுவும் தவறு. அலர்ஜி இல்லாமலே தோலின் நரம்புகள் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டலாம். சென்சிடிவ் சருமம் என்பதே பெரும்பாலும் அதுதான்.

வீட்டில் செய்யும் சோதனைக்கு வருவோம். மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு முகத்தில் போடுவது ஏறக்குறைய பயனற்றது. முழங்கை மடிப்பில், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை தடவிப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். மேலே பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். மூடி வைத்தால் பொருள் ஆழமாக இறங்கும், பசையே தனியாக அரிக்கும். ஃபேஸ் வாஷ் போலக் கழுவிவிடும் பொருளை, வழக்கமாக எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். சோப்பை இரவு முழுக்கக் கையில் வைத்திருந்தால் யார் தோலும் எரியத்தான் செய்யும். கை தாங்கியதை முகம் தாங்கும் என்ற உத்தரவாதம் இல்லாததால், அடுத்த சில நாள் தாடையோரம் ஓர் இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஹேர் டை பெட்டியில் 48 மணி நேரச் சோதனை என்று போட்டிருப்பதைப் பழகிய பிராண்டுக்கும் செய்யுங்கள், ஏனென்றால் பல வருடம் ஒத்துக்கொண்ட சாயமும் ஒருநாள் திரும்பிக்கொள்ளும். ஏற்கெனவே ஒருமுறை வீங்கியவர்கள் சோதனைக்காகக்கூடத் தொட வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு எரிந்ததை யாரும் அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமிலம் தேய்த்துப் பார்க்கும் முறையான சோதனை ஒன்று உண்டு. தோல் ஆய்வாளர்கள் ஃப்ராஷும் கிளிக்மேனும் 1977இல் விவரித்தது. நீர்த்த லாக்டிக் அமிலத்தை மூக்கோர மடிப்பில் தடவி, சில நிமிட இடைவெளிகளில் குத்தலுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். அதிலும் குத்தல் உணர்ந்த எல்லோருக்கும் அன்றாடம் தொல்லை இருப்பதில்லை. எலுமிச்சையில் அளவும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. சாறு பட்ட தோலோடு வெயிலில் போனால் வெந்து கறுத்துப்போகவும் வாய்ப்புண்டு.

ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், ஸ்கிரப் என்று மாறி மாறிப் போட்டுக்கொண்டிருக்கும்போது சோதித்தால் தோலின் இயல்பு தெரியாது. எல்லாவற்றையும் நிறுத்தி, மென்மையான கிளென்சர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் விடுங்கள். பலருடைய ‘சென்சிடிவ் ஸ்கின்’ அந்த மாதத்திலேயே காணாமல் போய்விடும்.

ஸ்டீராய்டு விஷயம் அவ்வளவு சுலபமில்லை. வெள்ளையாக வேண்டும் என்று பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசால் கலந்த கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளபளக்கும். பிறகு ஒருநாள் விட்டாலே எரியும், சிவக்கும், சிறு பருக்கள் கிளம்பும். தோல் மெலியும், ரோமம் முளைக்கும். எதைப் போட்டாலும் எரிகிறது, அந்தக் கிரீம் மட்டும்தான் ஒத்துக்கொள்கிறது என்பார்கள். அந்த ஒரு வாக்கியமே போதும், எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்று தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இது பரவியிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் முகம் பொங்கும் என்பதால் மருத்துவர் சொல்படிதான் விட வேண்டும்.

‘ஹைப்போஅலர்ஜெனிக்’, அதாவது அலர்ஜி வரும் வாய்ப்பு குறைவு என்ற முத்திரையை நம்பி எந்தச் சோதனையையும் தவிர்க்காதீர்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1975இல் அந்தச் சொல்லுக்கு ஒரு தரம் வகுத்தது. அழகுசாதன நிறுவனங்கள் வழக்குப் போட, 1977இல் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கிவிட்டது. அங்கே இன்றும் அதற்குச் சட்ட வரையறை கிடையாது.

இமை வீக்கம், நீர்க் கொப்புளம், நீர் வடிதல், உதட்டுத் தடிப்பு இருந்தால் வீட்டுச் சோதனை எதுவும் வேண்டாம், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். எது பட்டது, எத்தனை நிமிடத்தில் அல்லது எத்தனை நாளில் கிளம்பியது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதி எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. நிமிடங்களில் வந்து நிமிடங்களில் அடங்கும் குத்தலும், இரண்டாம் நாள் கிளம்பி வாரக்கணக்கில் அரிக்கும் தடிப்பும் அவருக்கு வேறு வேறு செய்திகள். பூசுகிற அத்தனை ட்யூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பார்லரில் கொடுத்த பெயரில்லாத வெள்ளை டப்பாவையும் சேர்த்து.