சுகர் உள்ள ஆயாவோடு உடல் வரைபடம் போடுவது எப்படி

நான் போகிற வீடுகளில், டர்பனில் நம் ஆட்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த் ஆனாலும் ஃபீனிக்ஸ் ஆனாலும், சக்கரை பார்க்கிற மெஷின் ஒன்று ஃப்ரிட்ஜ் மேலேயோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ இருக்கும். நம்பர் குறித்து வைக்கிற நோட்டும் இருக்கும். ஆனால் காலையில் எழுந்து பாதத்தைத் தரையில் வைக்கும்போது ஆயாவுக்கு (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்ன தெரிகிறது, எதை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்குத் தெரிந்த நல்ல வழி உடல் வரைபடம், அதாவது ஆளின் உருவத்தை ஆள் உயரத்துக்குப் பேப்பரில் கோடு இழுத்து, உடம்பில் எங்கே என்ன இருக்கிறது என்று அவரையே அதில் கலரில் காட்டச் சொல்வது. ஒரு பேப்பர் ரோல், கொஞ்சம் கலர், ஒரு போன், ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். மானிடவியல் படித்திருக்க வேண்டியதில்லை. நான் ஊரில் படித்துவிட்டு வந்தவள்தான், ஆனாலும் இதைச் செய்யக் கற்றுக்கொண்டது இங்கே டர்பன் ஆயாக்களிடம்.

இது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று மக்களையே வரையச் சொல்லி, அதை வைத்து உடல்நலம் பற்றிப் பேசுவதை ஆண்ட்ரியா கார்ன்வால் என்ற மானிடவியலாளர் 1990களின் தொடக்கத்தில் ஜிம்பாப்வேயில் செய்தார். ஆள் உயரத்துக்கு வரைகிற முறை பரவியது நம் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான். 2002இல் கேப் டவுன் பக்கத்துக் கயெலிட்ஷாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்கள் சிலர், ஓவியர் ஜேன் சாலமனோடும் கேப் டவுன் பல்கலைக்கழகத்துச் சமூக ஆய்வாளர்களோடும் சேர்ந்து தங்கள் உடம்பைத் தாங்களே வரைந்தார்கள். அரசு கிளினிக்குகளில் எச்.ஐ.வி.க்கான மருந்து பரவலாகக் கிடைக்காத காலம். கயெலிட்ஷாவில் மட்டும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 முதல் கொடுத்துக்கொண்டிருந்தது. கிருமி எங்கே, மருந்து எங்கே வேலை செய்கிறது, தன் பலம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்கள் கலரில் காட்டினார்கள். சுகரும் ஆயுசு முழுக்கக் கூடவே வருகிற நோய்தானே, அதனால் அதே முறை இதற்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

சரி, சாமான். ஸ்கூல் புத்தகத்துக்கு அட்டை போட வாங்குவோமே, அந்தப் பிரவுன் பேப்பர் ரோல். அகலம் போதாது, இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். இங்கே கோகி என்கிறார்களே, ஊரில் ஸ்கெட்ச் பேனா என்போம், அதில் தடித்ததாக ஏழெட்டு கலர், கூடவே க்ரேயான். கைநடுக்கம் உள்ளவர்களுக்கு க்ரேயான்தான் சுலபம். பேப்பரைச் சுவரில் ஒட்டப் பிரஸ்டிக், களிமண் மாதிரி உருட்டி ஒட்டிப் பிறகு எடுத்துவிடலாமே, அது.

தரையில் படுக்கவைத்துத்தான் கோடு இழுக்க வேண்டும் என்று வழிகாட்டிகளில் இருக்கும். எழுபது வயதுக்காரரைப் படுக்கச் சொல்லாதீர்கள். படுத்துவிடுவார், எழுப்புவதுதான் பாடு. பேப்பரைச் சுவரில் ஒட்டி அதில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும், இடையில் உட்கார்ந்துகொள்ளலாம். எப்படி நிற்கப் பிடிக்குமோ அப்படியே நிற்கட்டும். ஒருவர் கை கூப்பி நிற்பார், ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்பார், அதிலேயே பாதி கதை வந்துவிடும். கோடு இழுப்பது மகளோ பேத்தியோ இருந்தால் நல்லது, மருமகனை விட்டுச் செய்யச் சொல்லாதீர்கள். அப்புறம் அந்த உருவத்துக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னொரு உருவம் வேறு கலரில் இழுப்பது வழக்கம், அது அவரைத் தாங்குகிறவர். யாருடையது என்று அவரே சொல்லட்டும். கணவர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு நிற்கச் சொல்வார்.

இனி கேள்விகள். ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர், நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய சில கேள்விகளை 1970களின் கடைசியில் எழுதிவைத்தார். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள், எதனால் வந்தது, ஏன் அந்த நேரத்தில் வந்தது, உள்ளே என்ன செய்கிறது, எதற்கு ரொம்பப் பயப்படுகிறீர்கள் என்கிற மாதிரி. ரொம்பச் சாதாரணமான கேள்விகள், ஆனால் கிளினிக் வரிசையில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. வாயால் பதில் சொல்லச் சொல்லாமல், 'ஆயா, அது எங்கே இருக்கு, காட்டுங்க' என்று கோகியைக் கையில் கொடுங்கள். எனக்கு வரையத் தெரியாதே என்பார். ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று சொல்லுங்கள்.

'ஏன் அப்போது வந்தது' என்ற கேள்விக்கு அவசரப்படாதீர்கள். நம் பெரியவர்களில் பலர் சிறு வயதில் வீட்டை விட்டு எழுப்பப்பட்டவர்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனில் கேட்டோ மேனரிலும் மேகசின் பேரக்ஸிலும் இருந்த குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். உடம்பைச் சுற்றிக் காலியாக இருக்கிற இடத்தில் அந்த வீடுகளை வரையச் சொல்லுங்கள், என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு தூரம் நடந்தார்கள், கீரை எங்கே போட்டார்கள் என்று. ஒரு ஆயா எனக்கு மேகசின் பேரக்ஸ் குழாயடியை வரைந்து காட்டிவிட்டு, அங்கே நடந்துகொண்டே இருந்த கால் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது என்றார். மருத்துவர்கள் சொல்கிற காரணத்துக்கு அது ஒன்றும் தூரமில்லை.

இதே ஆயாவைப் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். உருவம் முன்பக்கம் பார்த்து நின்றதால் உள்ளங்கால் படத்தில் வரவில்லை. அவருக்கு அது வேண்டும். பேப்பரின் கீழே தனியாக இரண்டு பாதத்தையும் வைத்துக் கோடு இழுக்கச் சொன்னார், அப்புறம் மஞ்சள் க்ரேயானை எடுத்து, விரல் இடுக்கு ஒன்றுகூட விடாமல், கால் மணி நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வருஷா வருஷம் குட் ஃப்ரைடே அன்று தீ மிதித்தவர். கொஞ்ச நாளாகப் பாதத்தில் எதுவுமே தெரிவதில்லை, ஒரு நாள் தையல் ஊசி ஏறியதே ராத்திரி பெட்ஷீட்டில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதை அவர் வியாதி என்று நினைக்கவே இல்லை. 'அம்மா கை வச்ச இடம், அதான் சுடாது, குத்தாது' என்றார். தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு கிளினிக்கில் பேப்பர் கொடுத்திருந்தார்கள். அவர் பார்ப்பதில்லை. பார்த்தால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடாதா என்று என்னைக் கேட்டார். அடுத்த குட் ஃப்ரைடேக்கு மறுபடி இறங்குவதாகவும் இருந்தார்.

இந்த மாதிரி ஒரு பதில் வரும்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த இடத்திலேயே திருத்தாமல் இருப்பது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சக்கரை நாள்பட்டால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், புண் வந்தாலும் தெரியாது, முற்றினால் விரலையோ காலையோ எடுக்கும்படி ஆகும், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மஞ்சள் பூசி முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு மகளும் அவருமாகப் பேசினார்கள். அம்மா கை வைத்த இடம் என்றால் நாம் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று மகள்தான் கேட்டாள். ராத்திரி விளக்கு ஏற்றின பிறகு பாதத்தைத் துடைத்து, கைக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பது என்று முடிவானது. அந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், படத்தின் போட்டோவைக் காட்டினார்கள். நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டுக் கேட்டார், பல இடத்தில் ஆயாவுக்குத் தெரியவில்லை. குட் ஃப்ரைடே அன்று அவர் தீக்குழியில் இறங்கவில்லை, ஓரமாக வேப்பிலை பிடித்துக்கொண்டு நின்றார்.

போன் விஷயம். பேசுவதைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள், சரி என்று சொல்வதையும் பதிவில் வையுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, மேஜை மேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைத்தால் கோகி உரசுகிற சத்தம் அவ்வளவாக ஏறாது. படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பேப்பருக்கு நேரே நின்று எடுங்கள். முழுசாக ஒன்று, பாதம், வயிறு, நெஞ்சு என்று கிட்டத்தில் தனித்தனியாக. லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், சின்ன எழுத்து படிக்க வராது, டாக்குமெண்டாக அனுப்புங்கள். பேச்சை எழுத்தாக்கித் தருகிற ஆப்களை நம்பி உட்காராதீர்கள். நம் ஆயாக்கள் ஒரே வாக்கியத்தில் இங்கிலீஷும் தமிழும் நடுவில் ஒரு ஸுலு வார்த்தையும் பேசுவார்கள், நான் முயற்சி செய்த ஆப்பில் தமிழ் வார்த்தைகள்தான் முதலில் காணாமல் போயின. அந்த வார்த்தைகளில்தானே விஷயமே இருக்கிறது. கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுங்கள்.

கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது இரண்டு விஷயம் போதும், படத்தின் ஒரு போட்டோவும் மூன்று வரிக் குறிப்பும். கதை முழுவதையும் சொல்ல நேரம் இருக்காது. மெஷின் நம்பரோடு சேர்த்துக் கொடுங்கள், ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் பேசும்போது மட்டும் குழம்பாதீர்கள். அங்கே அளவு வேறு (mg/dL), இங்கே வேறு (mmol/L). அங்கே வெறும் வயிற்றில் 126 என்பதும் இங்கே 7.0 என்பதும் ஒன்றுதான், நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் வரும்.

கோயில் ஹாலில் பத்துப் பேரை வைத்துச் செய்வதாக இருந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். 2021 ஜூலை 1 முதல் முழுசாக நடப்பில் இருக்கிற போப்பியா (POPIA) என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு வேண்டியதாக வைத்திருக்கிறது. சம்மதத்தை எழுதி வாங்குங்கள், படத்தில் பெயர் வேண்டாம். சுவரில் மாட்டுவதற்கு ஒருமுறை, ஃபேஸ்புக்கில் போடுவதற்கு இன்னொரு முறை, தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கு வேண்டாம் என்பார், அது அவர் உரிமை. யாராவது வரையும்போது அழுதால் கோகியை வாங்கி வைத்துவிட்டு டீ போடுங்கள், அன்றைக்கு முடிக்க வேண்டும் என்று ஒன்றும் கிடையாது.

படம் ஆயாவுடையது. உங்களிடம் போட்டோ இருக்கட்டும், பேப்பர் அவர் வீட்டில் இருக்க வேண்டும். மடிக்காதீர்கள், மடிப்பில் கிழியும். க்ரேயான் பக்கம் உள்ளே வருகிற மாதிரி ஒரு மெல்லிய பேப்பர் வைத்துச் சுருட்டி, ஈரம் படாத அலமாரி மேலே வையுங்கள், டர்பன் ஈரக்காற்றில் சுவரோரம் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெளிப்பக்கம் தேதி எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே பேப்பரை விரித்து, வேறு ஒரு கலரைக் கையில் கொடுத்து, இப்போது எது மாறியிருக்கிறது ஆயா என்று கேளுங்கள்.