“இன்னைக்காவது சரியா வருமா?” தாம்பத்தியத்தில் பதற்றத்தை வளர்க்கும் தவறுகள்

கல்யாணமாகிச் சில மாதங்களில் மருத்துவரைத் தேடி வரும் தம்பதிகளில் பலருக்கு உடலில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. ஆனால் வேதனை உண்மையானது. ஒருமுறை ஏதோ சரியாக அமையவில்லை. அடுத்த முறை அந்த நினைப்போடு படுக்கிறார்கள், மறுபடி அமையவில்லை. அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே தவிர்க்கிறார்கள். பாலுணர்ச்சி நம் கட்டளைக்குக் கட்டுப்படுவதில்லை. “வா” என்று அதட்ட அதட்ட விலகிப் போகும். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் அந்த அதட்டலின் வெவ்வேறு உருவங்கள்தான்.

முதலிரவை நிரூபிக்கும் இரவாக்குவது

ஆணுறுப்பு விறைக்க வேண்டுமானால் அதிலுள்ள மென்தசைகள் தளர்ந்து ரத்தம் உள்ளே நிறைய வேண்டும். இதற்கு உடல் அமைதியான நிலையில் இருக்க வேண்டும். பயம், பதற்றம், வெட்கம் வந்தால் அட்ரினலின் சுரக்கும். அது அதே தசைகளைச் சுருக்கி ரத்தத்தை வெளியே அனுப்பிவிடும். நாய் துரத்தும்போது யாருக்கும் விறைப்பு வராது. வரக்கூடாது என்பதுதான் உடலின் ஏற்பாடு.

இரண்டு நாள் தூக்கமில்லை. மண்டபத்தில் மணிக்கணக்கில் நின்ற கால்வலி. அதிகம் பழகாத ஒருவர் பக்கத்தில். கதவுக்கு வெளியே உறவினர் கூட்டம். இந்த நிலையில் விறைப்பு வராமல் போனால் உடல் சரியாக வேலை செய்கிறது என்றுதான் பொருள். பெண்ணின் உடலுக்கும் இதே கணக்குதான். பதற்றத்தில் ஈரம் சுரக்காது, இடுப்புத் தசைகள் இறுகும், வலிக்கும்.

ஆகவே முதல் வாரத்தில் எதுவும் ‘முடிய’ வேண்டியதில்லை. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது. பேசி, தொட்டு, சேர்ந்து தூங்கிப் பழகிய பிறகு உடல் தானே வழிவிடும். முதல் உறவில் ரத்தம் வந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதையும் இதோடு விட்டுவிடுங்கள். கன்னிச்சவ்வின் வடிவமும் நெகிழ்வும் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். பலருக்கு ரத்தமே வராது. அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கன்னித்தன்மையை அறியவென்று செய்யப்படும் பரிசோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2018இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

தன்னைத் தானே வேவு பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் விரிவாக எழுதிய விஷயம் இது. ஒருமுறை தடைப்பட்ட ஆண், அடுத்த முறை உறவில் ஈடுபடுவதை விட்டுவிட்டு, ஓரமாக நின்று தன்னையே கவனிக்கத் தொடங்குகிறான். “விறைப்பு இருக்கா? குறையுதா? அவ என்ன நினைக்கிறா?” கவனம் முழுக்க அங்கே போய்விட்டதால் தொடுதலின் சுகம் மூளைக்கு எட்டுவதே இல்லை. பெண்களும் இப்படிக் கவனிக்கிறார்கள். வயிறு தெரிகிறதா, உச்சம் வருமா, அவர் சலித்துக்கொள்கிறாரா என்று.

டேவிட் பார்லோ என்ற உளவியலாளர் 1980களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. ‘சிறப்பாகச் செய்தாக வேண்டும்’ என்ற நெருக்கடியைக் கொடுத்தபோது, பிரச்சினை இல்லாத ஆண்களுக்குக் கிளர்ச்சி பெரும்பாலும் கூடியது. பிரச்சினை இருந்தவர்களுக்குக் குறைந்தது. தொடர்பில்லாத வேறொன்றில் கவனத்தைத் திருப்பியபோது முதல் வகையினருக்குக் கிளர்ச்சி இறங்கியது. இரண்டாம் வகையினருக்கு இறங்கவில்லை. அவர்கள் கவனம் ஏற்கெனவே வேறு எங்கோ இருந்ததே காரணம்.

வேவு பார்ப்பவர்கள் கூடவே இன்னொன்றும் செய்கிறார்கள். தனியாக இருக்கும்போது ஆபாசப் படம் பார்த்தோ கையால் தூண்டியோ “வேலை செய்யுதா” என்று அடிக்கடி சோதிக்கிறார்கள். பயத்தோடு சோதித்தால் பாதி நாள் தோல்விதான் விடையாக வரும். சோதனையை நிறுத்துங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது தானாகவே தெரியும். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில் ஓர் இரவில் 3 முதல் 5 முறை விறைப்பு வருகிறது. விடிகாலையில் விழிக்கும்போது பல நாட்கள் விறைப்பு இருந்தால் நரம்பும் ரத்தக் குழாயும் பெரும்பாலும் நலம். மனைவியோடு மட்டும்தான் தடுமாற்றம் என்றால் வேர் பதற்றத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மாறாக, அதிகாலை விறைப்பும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தால் மனசு என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும் நாற்பது வயதைக் கடந்தவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆணுறுப்பின் தமனிகள் 1–2 மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இதயத்தின் தமனிகள் 3–4 மில்லிமீட்டர். அடைப்பு முதலில் சிறிய குழாயில்தான் தெரியும். அதாவது இது மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு அளவு, காலை 7–11 மணிக்குள் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகியவை அடிப்படைப் பரிசோதனைகள்.

நண்பன் கொடுத்த மாத்திரை

வயாகரா என்ற பெயரில் பிரபலமான சில்டெனாஃபில் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நல்ல மருந்துதான். ஆனால் அது ஆசையை உண்டாக்காது. கிளர்ச்சி வந்தால் ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவே. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். வயிறு நிறையக் கொழுப்பான உணவு சாப்பிட்டிருந்தால் வேலை செய்யத் தாமதமாகும். பிரியாணிக்குப் பிறகு போட்டுவிட்டு “எனக்கு மாத்திரையும் கேட்கல” என்று மனம் உடைபவர்கள் இதை அறிய வேண்டும்.

நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் உட்பட, இதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். பதற்றத்தால் வரும் தடைக்கு மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் கொடுத்து, நம்பிக்கை வந்ததும் நிறுத்துவது சரியான வழி. தானாக வாங்கிப் போடுபவருக்கு “மாத்திரை இல்லாமல் முடியாது” என்ற புதுப் பயம் சேர்கிறது. மதுவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. தயக்கத்தைக் குறைப்பதுபோலத் தெரியும், விறைப்பையும் சேர்த்தே குறைக்கும்.

‘தாது போச்சு’ என்ற கவலை

சொப்பன ஸ்கலிதத்தாலும் கைப்பழக்கத்தாலும் உடம்பு உருகிவிடும், நரம்புத் தளர்ச்சி வரும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போகும் என்ற பயம் நம் ஊரில் பல இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்தப் பயத்தோடு களைப்பு, உடல்வலி, கவனக்குறைவு என்று வருபவர்களின் நிலையை 1960இல் இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயரிட்டு விவரித்தார். நமக்கு மட்டும் உரிய பயமும் அல்ல இது. சுவிட்சர்லாந்தின் மருத்துவர் டிசோ 1760இல் இதே கருத்தைப் புத்தகமாக எழுதி, ஐரோப்பாவையே நூறாண்டுக்கு மேல் பயத்தில் வைத்திருந்தார்.

ஒருமுறை வெளியேறும் விந்து சில மில்லிலிட்டர்தான். அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் நீர். விந்தணுக்கள் தினமும் கோடிக்கணக்கில் புதிதாக உருவாகின்றன. இத்தனை துளி ரத்தம் ஒரு துளி விந்து என்ற கணக்குக்கு உடலியலில் இடமே கிடையாது. அப்படியானால் அந்தக் களைப்பு பொய்யா? இல்லை. அதன் பின்னால் பெரும்பாலும் மனச்சோர்வோ பதற்ற நோயோ இருக்கிறது. சிகிச்சை அதற்குத்தான் வேண்டும். லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதால் நோய் நீள்கிறது. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இந்தியாவில் தடுக்கிறது. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அது சட்டத்தை மீறியது என்பதை நினைவில் வையுங்கள்.

“அவளுக்கு ஆசையே இல்ல”

ஆசை முதலில் வரும், பிறகு கிளர்ச்சி, பிறகு உறவு என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கனடாவின் மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் சொன்னது இது: நீண்டகால உறவில் உள்ள பல பெண்களுக்கு முதலில் நெருக்கத்துக்கான விருப்பம், பிறகு தொடுதல், அதில் கிளர்ச்சி, அதற்குப் பிறகே ஆசை. ஆகவே தானாக ஆசை பொங்கவில்லை என்பது நோயுமல்ல, அன்பில்லை என்பதற்கு அடையாளமுமல்ல.

பாலியல் ஆய்வாளர்கள் பான்கிராஃப்ட், ஜான்சென் இருவரும் வகுத்த கோட்பாடு இன்னும் பயனுள்ளது. பாலுணர்ச்சிக்கு ஆக்சிலரேட்டர், பிரேக் என்று இரண்டு தனி அமைப்புகள் மூளையில் உள்ளன. பெரும்பாலோர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள்: வாசனைத் திரவியம், படம், மாத்திரை. கால் பிரேக்கில் இருப்பதைப் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் மாமியார் இருமும் சத்தம், சரியாகச் சாத்தாத கதவு, கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம், பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த அலுப்பு, காலையில் எல்லோர் முன்னும் வாங்கிய திட்டு. தாழ்ப்பாள் ஒன்று போடுவதும், கருத்தடை முறையை முடிவு செய்வதும், பாத்திரத்தைக் கணவர் கழுவுவதும் எந்த லேகியத்தையும்விட வேலை செய்யும். இருவரும் தனித்தனியாகத் தங்கள் ‘பிரேக்’ எவை என்று எழுதி, மாற்றிப் படித்துப் பாருங்கள்.

ஈரத்தை வைத்து ஆசையை அளப்பதும் தவறு. மெரிடித் சைவர்ஸ் குழு 2010இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண்களிடம் உறுப்பின் எதிர்வினைக்கும் மனதில் உணரும் கிளர்ச்சிக்கும் இருந்த ஒட்டுறவு வெறும் 0.26 (முழுதாக ஒத்துப்போனால் 1). ஆண்களிடம் 0.66. ஈரம் இருப்பதால் சம்மதம் என்றாகாது. ஈரம் இல்லாததால் விருப்பமில்லை என்றும் ஆகாது. வாயால் கேட்பது ஒன்றே வழி. பாலூட்டும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி இயல்பு. நீர் அடிப்படையிலான ஜெல் பயன்படுத்தலாம். ஆணுறை போடுபவர்கள் தேங்காயெண்ணெய் தடவக் கூடாது, ரப்பர் பலமிழந்து கிழியும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது

நுழைய முயலும்போதெல்லாம் யோனியைச் சுற்றிய தசைகள் தாமாகவே இறுகிக்கொள்வதை வஜைனிஸ்மஸ் என்கிறார்கள். அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை. கண்ணருகே கை வந்தால் இமை மூடுவதைப் போன்ற அனிச்சைச் செயல் அது. “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று முயன்றால் வலி வரும். அடுத்த முறை வலியை எதிர்பார்த்தே தசை இன்னும் முன்கூட்டி இறுகும். ஒவ்வொரு கட்டாய முயற்சியும் நோயை ஆழமாக்குகிறது. இதைவிடக் கொடியது, குழந்தை எப்போது என்று கேட்டு வீட்டார் நெருக்குவது.

முதல் படி, நுழைவு முயற்சியை முழுவதுமாக நிறுத்துவது. பிறகு வயிற்றிலிருந்து மூச்சு விடுவது, இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, அதன்பின் தன் விரல் நுனி அல்லது மிகச் சிறிய டைலேட்டர் (யோனியைப் பழக்கும் வழவழப்பான குழல்), ஜெல்லோடு, அந்தப் பெண்ணின் கையாலேயே. வலி எழுந்தால் அசையாமல் நிறுத்தி, தளர்ந்த பிறகே தொடர வேண்டும். ஓர் அளவு சௌகரியமான பிறகே அடுத்த அளவு. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். ஆனால் நன்றாகக் குணமாகும். மகப்பேறு மருத்துவரிடம் முதலில் ஒருமுறை காட்டி, தொற்றோ வேறு காரணமோ இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பார்ப்பது

ஐந்து நாடுகளில் கடிகாரம் வைத்து அளந்து வால்டிங்கர் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும் வரையிலான இடைநிலை நேரம் 5.4 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு. அரை மணி நேரம் என்பது படத்தில் வெட்டி ஒட்டியது. தொடக்கம் முதலே, ஏறக்குறைய எப்போதும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்து அது வேதனையும் தந்தால்தான் வாழ்நாள் விந்து முந்துதல் என்று மருத்துவம் சொல்கிறது.

இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம், மனதுக்குள் வாய்ப்பாடு சொல்வது. அது தலைகீழ். உச்சம் நெருங்கும் உணர்வைக் கவனிக்கக் கற்றால்தான் கட்டுப்பாடு வரும். 1956இல் ஜேம்ஸ் சீமன்ஸ் சொன்ன நிறுத்தித் தொடங்கும் முறையில், கிளர்ச்சி பத்துக்கு ஏழு எட்டு வந்ததும் அசைவை நிறுத்தி, தணியும் வரை காத்திருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்து நான்காவது முறை விட்டுவிடலாம். ஒன்பதுக்கு வந்த பிறகு நிறுத்தினால் பலனில்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நேரத்தை நீட்டினால் மனைவிக்கு உச்சம் வந்துவிடும் என்பதும் பிழையான கணக்கு. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுழைவு மட்டுமே போதும் என்ற பெண்கள் சுமார் 18 சதவீதம். மற்றவர்களில் பலருக்குக் யோனிக்கு மேலே உள்ள உணர்ச்சி மிகுந்த சிறு உறுப்பான கிளிட்டோரிஸைத் தூண்டுவது தேவை.

பயிற்சியை அவசரப்பட்டு முடிப்பது

பதற்றத்துக்குச் சிறந்த மருந்து மாஸ்டர்ஸ்–ஜான்சன் வகுத்த தொடுதல் பயிற்சி. வாரம் இரண்டு மூன்று முறை, அரை மணிக்குக் குறையாமல், போன் இல்லாத அறையில். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற இடங்களை மாறி மாறித் தொடுவது. சூடு, மென்மை, அழுத்தம் ஆகியவற்றைக் கவனிப்பதே வேலை. இரண்டாம் கட்டத்தில் விலக்கிய இடங்களும் சேரும். ஆனால் விறைப்பும் உச்சமும் இலக்கு அல்ல. அடுத்து நுழைவில்லாமல் உடல்கள் ஒட்டியிருப்பது. கடைசியில் அசைவில்லாத நுழைவு. ஒரு கட்டத்தில் இருவருக்கும் பதற்றம் தணிந்த பிறகே அடுத்தது.

இந்த நாட்களில் உறவு தடை. அந்தத் தடையில்தான் சிகிச்சையே இருக்கிறது, நிரூபிக்க எதுவும் இல்லாததால் வேவு பார்க்கவும் எதுவும் இருக்காது. “இன்னைக்கு நல்லா வந்துச்சு, பாத்துடலாம்” என்று இரண்டாம் வாரமே தடையை மீறுவதால்தான் பலர் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்கள். விறைப்பு வந்தால் வரட்டும், போனால் போகட்டும். போனது திரும்பி வருவதை நாலைந்து முறை கண்ணால் பார்ப்பது பயத்தை உடைக்கும். “பிடிச்சிருக்கா?” என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். வலியோ கூச்சமோ இருந்தால் மட்டும் மற்றவர் கையை நகர்த்தட்டும். சண்டை போட்ட இரவில் செய்யாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், வலியோ பேச்சற்ற இடைவெளியோ அதற்கு முன்பே வந்தாலும், மனநல மருத்துவரையோ யூராலஜிஸ்டையோ (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவர்) இருவரும் சேர்ந்து பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஒருவரை மட்டும் ‘குற்றவாளியாக’ அனுப்பினால் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். எடுத்துவரும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு செல்லுங்கள். மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் சில ரத்த அழுத்த மருந்துகளும் ஆசையையோ உச்சத்தையோ குறைக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவை மாற்றவும் வேறு மருந்துக்கு மாறவும் மருத்துவரிடம் வழி இருக்கிறது.