பார்வையாளர் இல்லாத விளையாட்டைப் படமாக்குவது எப்படி

தெருக்கூத்தில் கட்டியக்காரன் பேசுவது எதிரே அமர்ந்திருக்கும் ஊருக்காக. லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங் எனப்படும் லார்ப் விளையாட்டில் அப்படி எதிரே யாரும் இருப்பதில்லை. அரசனாகவும் ஒற்றனாகவும் வேடமிட்டு, எழுதி வைக்காத வசனத்தை அந்தந்த நொடியில் பேசுகிறவர்கள் தாங்களே நடிகர்கள், தாங்களே பார்வையாளர்கள். சென்னையில் இத்தகைய குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க விரும்புகிறவர், தம் கேமராவைக் கண்டதும் விளையாட்டு நாடகமாக மாறிவிடக்கூடும் என்பதை உணர்ந்தே ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டும்.

முதல் ஆட்டத்துக்குக் கேமரா இல்லாமல் சென்று, காவலாளி போன்ற சிறு வேடம் ஒன்றை ஏற்று விளையாடுங்கள். நுரைப்பஞ்சில் செய்த வாளால் அடி பட்டதை எப்படிக் கணக்கிடுகிறார்கள், ஆபத்து நேர்ந்தால் எந்தச் சொல்லைக் கூவி ஆட்டத்தை நிறுத்துகிறார்கள் என்பவை உள்ளே நின்றால்தான் புரியும். படமெடுக்க ஒவ்வொருவரிடமும் எழுத்துமூலம் ஒப்புதல் பெறுங்கள். விரும்பாதவர்கள் கையில் நிறநாடா கட்டிக்கொண்டால், அவர்கள் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வது எளிது. பல குழுக்களில், மடக்கிய கையைத் தலைமேல் வைத்திருப்பவர் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறார் என்று பொருள். உங்கள் படக்குழுவினரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் எவரும் அவர்களிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது ஒலிப்பதிவுக்குத்தான். நுரைக் கவசத்துக்கு அடியில் பொருத்திய காலர் மைக், வீரர் ஒவ்வொரு முறை வாள் வீசும்போதும் உரசி இரையும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை ஊறி ஒட்டுநாடாவும் கழன்றுவிடும். ஆகையால் மைக்கைக் கவசத்துக்கு மேலே, கழுத்துப்பட்டியின் மடிப்பில் தைத்து, சிறு ரெக்கார்டரை இடுப்புத் துணியில் முடிந்துவிடுங்கள். கடற்கரையில் காற்றுத் தடுப்புப் பஞ்சு இன்றிப் பதிவு செய்யவே கூடாது. ரகசியப் பேச்சுகள்தாம் இவ்விளையாட்டின் உயிர். அவை கேட்காத படத்தில் எஞ்சுவது வெறும் சண்டை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் மாலை வெளிச்சம் உகந்தது. மாநகராட்சிப் பூங்காவிலும் கடற்கரையிலும் படமெடுக்க முன்அனுமதி தேவை. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நுரை வாளும் வாளாகவே தெரியும் என்பதால் அப்பகுதிக் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் தோட்டம் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

அமெரிக்காவின் பால்டிமோர் பகுதிக் குழு ஒன்றைப் பற்றி 2006இல் வெளிவந்த ‘டார்க்கன்’ ஆவணப்படம், போர்க்களக் காட்சிகளோடு வீரர்களின் வீட்டையும் வேலையையும் சேர்த்தே காட்டியது. நீங்களும் இரண்டையும் படமெடுங்கள். ஆனால் மகுடத்திலிருந்து அலுவலக அடையாள அட்டைக்குச் சட்டென்று வெட்டிச் சிரிப்பு வரவழைக்காதீர்கள். நம்பி முகம் காட்டியவரை அது அவமதிப்பதாகும். நேர்காணலை ஆட்டம் முடிந்த கையோடு, வேடம் கலைப்பதற்குள் ஒரு முறையும், சில நாள் கழித்து வீட்டில் மறுமுறையும் எடுங்கள். முன்னதில் பாத்திரத்தின் கோபமும் பின்னதில் அதைத் தேர்ந்ததன் காரணமும் வெளிப்படும். முதல் தொகுப்பை வெளியிடுவதற்கு முன் விளையாட்டுக் குழுவினர் அனைவரையும் அமர்த்திப் போட்டுக் காட்டி, எவரேனும் தம் காட்சியை நீக்கச் சொன்னால் மறுபேச்சின்றி நீக்கிவிடுங்கள்.