டெட்ராய்ட்டில் பழைய கார் வாங்கும் முன்: ஒரு ஜானி கேஷ் பாட்டும் 'ரீபில்ட்' டைட்டிலும்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்தால் டிராய், கேன்டன் என்று எங்கே தங்கினாலும் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), வங்கிக் கணக்கு, லைசென்ஸ் எல்லாம் கம்பெனியிலேயே சொல்லிவிடுவார்கள். பழைய கார் வாங்குவதைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன் ஒரு பாட்டு. 1976-இல் வெய்ன் கெம்ப் எழுதி, அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஒன் பீஸ் அட் எ டைம்'. அமெரிக்காவின் கன்ட்ரி (கிராமியப் பாணி) பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. 1949-இல் கென்டக்கியிலிருந்து டெட்ராய்ட் வந்து, காடிலாக் கார்களுக்குச் சக்கரம் மாட்டுகிறவன் ஒருவன். தன் சம்பளத்தில் அந்தக் காரை வாங்கவே முடியாது என்று புரிந்ததும், ஒவ்வொரு பாகமாகக் கடத்துகிறான்; சின்னதைச் சாப்பாட்டுப் பெட்டியில் ஒளித்து, பெரியதை நண்பனின் மொபைல் ஹோமில் ஏற்றி. வருஷக்கணக்கில் சேர்த்ததைப் பூட்டப் போனால் டிரான்ஸ்மிஷன் 53 மாடல், எஞ்சின் 73 மாடல். ஹெட்லைட் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. கடைசியில் அந்த வண்டிக்கு எழுதிய டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், மட்டும் 60 பவுண்டு எடை! எங்கள் பிளான்ட்டில் பெரியவர்கள் இதை ஒன்றுகூடிப் பாடுவார்கள். பலருடைய தாத்தாக்கள் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்து ஊரான ஹேசல் பார்க்கை, கென்டக்கியைச் சேர்த்து 'ஹேசல்டக்கி' என்றே சொல்வதுண்டு. ஊரை விட்டு வந்து அசெம்பிளி லைனில் நிற்பவனின் ஏக்கம் நமக்கா புரியாது? எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு.

ஆனால் அந்த மாதிரி வண்டி நிஜமாகவே விற்பனைக்கு வருகிறது. நண்பர் ஒருவர் இருட்டிய பிறகு ஒரு பார்க்கிங் லாட்டில் ரொக்கம் கொடுத்து வாங்கினார். ஊரில் ஆர்.சி. புக்கில் பெயரும் சேஸிஸ் நம்பரும் பார்ப்போமே, அதே பழக்கத்தில் டைட்டிலிலும் அந்த இரண்டை மட்டும் பார்த்தார். 'ரீபில்ட்' என்று அதிலேயே அச்சாகியிருந்ததை விற்றவர் வாய் திறந்து சொல்லவில்லை. விபத்தில் நொறுங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று கைவிட்ட வண்டியைச் சரிசெய்து ஓட்டினால் அந்த முத்திரை விழும். பகலில் பானெட்டைத் திறந்தோம். ஃபெண்டர் ஸ்டிக்கரில் வேறு காரின் நம்பர், போல்ட் தலையெல்லாம் பெயின்ட் உரிந்து கிடந்தது. குளிர்காலத்தில் கதவு இடுக்கு வழியே காற்று சீறியது. அவர் கேட்ட இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஃபுல் கவரேஜ் தர மறுத்தன. விற்கப் போனால் டீலர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். புதிதாக வந்தவன் தலையில் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்களை என்ன சொல்வது? இன்னமும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அதனால் பகலில் போங்கள். வி.ஐ.என். என்பது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள 17 இலக்க அடையாள நம்பர். அது விண்ட்ஷீல்டின் கீழே, டிரைவர் கதவு ஸ்டிக்கரில், டைட்டிலில் என மூன்று இடத்திலும் ஒன்றா என்று பாருங்கள். அந்த நம்பரைப் போட்டு, வண்டியின் பழைய வரலாற்றைக் காட்டும் கார்ஃபாக்ஸ் ரிப்போர்ட் எடுங்கள். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் முத்திரையை மறைத்துவிடும் ஆட்களும் உண்டு. அதனால் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டி லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், விற்பவரையும் கூட்டிக்கொண்டு செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீசுக்கே (மிச்சிகனில் நம்ம ஊர் ஆர்.டி.ஓ. மாதிரி) போய்ப் பெயர் மாற்றுங்கள். வாங்கிய 15 நாளுக்குள் மாற்ற வேண்டும், 6 சதவீத வரியும் கட்ட வேண்டும். அவர் வர மாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். பார்க்கப் போகும்போது கூட ஆள் இல்லையென்றால் தமிழ்ச் சங்கத்தில் கேளுங்கள், கார் தெரிந்த பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.