கோப்பையை எடுத்தது யார்? எழுத்துப்பிழையையும் நிறுத்தக்குறியையும் துப்பாக வைக்கும் ஒரு கபடி வழக்கு

தமிழ் வகுப்பில் பிழை திருத்தும் பயிற்சி சலித்துப்போவதற்குக் காரணம் ஒன்றுதான்: பிழை இருந்தாலும் போனாலும் எதுவும் மாறுவதில்லை. 'அறையிறுதி' என்பதை 'அரையிறுதி' ஆக்கினால் ஒரு மதிப்பெண், அதோடு சரி. அதே பயிற்சியைத் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தாலும், கதை ஒரு பக்கம் பிழை ஒரு பக்கம் என்று ஓடினால் பலன் இல்லை. பிள்ளைகள் கதையைப் படித்து ஆளை ஊகித்துவிட்டு, பிழைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே இந்த மாதிரி வழக்கு எழுத நினைப்பவர்கள் கைவிடக் கூடாத விதி இது: தாளைப் பிழையோடு படித்தால் தப்பான ஆள் மாட்ட வேண்டும், திருத்திப் படித்தால்தான் உண்மையான ஆள் தெரிய வேண்டும்.

இங்கே விளக்கும் வழக்கு 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கானது. 45 நிமிடப் பாடவேளை ஒன்றும், இரண்டு நாள் கழித்துப் பத்து நிமிடமும் போதும்.

முடிவிலிருந்து தொடங்குங்கள்

தாள்களை, அதாவது பிள்ளைகள் கையில் கொடுக்கும் கடிதம், குறிப்பு, வாக்குமூலம், சீட்டு என்ற ஆறு ஆவணங்களை எழுதும் முன், உண்மையில் நடந்தது என்ன என்பதை நான்கைந்து வரியில் எழுதி முடித்துவிடுங்கள். நம் வழக்கில் நடந்தது இது. ஊர்க் கபடிப் போட்டி, செம்மண் களம், காலையில் மழை. பொருள் வைக்கும் அறையில் சாய்த்து வைத்திருந்த புள்ளிப்பலகை சரிந்து வெற்றிக் கோப்பை மேல் விழுகிறது, விளிம்பு நசுங்குகிறது. பலகையைச் சரியாக வைக்காதவர் புள்ளி எழுதும் முத்துக்குமார். பயந்துபோய், அரையிறுதி நடந்துகொண்டிருக்கும்போதே கோப்பையை எடுத்துக்கொண்டு, ஒடுக்கு எடுக்கப் பாத்திரப் பட்டறைக்குப் போய்விடுகிறார். திருட்டே இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படித் திருட்டில்லாத முடிவே நல்லது. வகுப்பில் அதே பெயருள்ள பையன் இருந்தால் அவனை யாரும் திருடன் என்று கூப்பிட மாட்டார்கள்.

சந்தேகத்துக்குரியவர்கள் மூவர்: முத்துக்குமார், மாற்று ஆட்டக்காரன் குமார், களத்தைப் பராமரிக்கும் செல்வம். அணித்தலைவன் முத்து சந்தேகப் பட்டியலில் இல்லை, ஆனால் அந்தப் பெயர் கட்டாயம் வேண்டும். குற்றமற்ற ஒவ்வொருவரையும் விலக்க இரண்டு துப்பு வையுங்கள். ஒன்றே ஒன்று என்றால், அதைத் தவறவிட்ட குழு கடைசிவரை தடம் மாறியே போகும்.

நேரக் கணக்கில் கவனம் தேவை. ஆண்கள் கபடியில் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவே 5 நிமிட இடைவேளை. 10.50க்கு ஆட்டம் தொடங்கினால் இரண்டாம் பாதி 11.15க்கு. களத்தில் அணிக்கு 7 பேர், வெளியே 5 மாற்று ஆட்டக்காரர்கள். ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் ஒரு முறை பாடிப்போவதற்கு, 30 விநாடி. புள்ளி எழுதுபவருக்கு உதவியாளர்கள் இரண்டு பேர் உண்டு என்பதால், அவர் எழுந்து போனாலும் ஆட்டம் நிற்காது. இதில் ஒன்று பிசகினாலும் கபடி ஆடும் பிள்ளை முதல் நிமிடத்திலேயே கையைத் தூக்கும். அதன் பிறகு யாரும் எழுத்துப்பிழையைத் தேட மாட்டார்கள்.

வழக்கைத் திருப்பும் ஐந்து இடங்கள்

முதலாவது, முத்துவின் பையில் கிடந்த பெயரில்லாத துண்டுச்சீட்டு. அதில் இருப்பது ஒரே வரி:

முத்து குமார் எடுத்ததைப் பார்த்தேன்

இதை மூன்று விதமாகப் படிக்கலாம். 'முத்து, குமார் எடுத்ததைப் பார்த்தேன்' என்றால் முத்துவைக் கூப்பிட்டுக் குமாரைக் காட்டிக்கொடுக்கிறார்கள். 'முத்துக்குமார் எடுத்ததைப் பார்த்தேன்' என்றால் எடுத்தவர் புள்ளி எழுதுபவர். இருவரும் சேர்ந்து எடுத்தார்கள் என்று சொல்ல நினைத்திருந்தால் 'முத்துவும் குமாரும்' என்றோ 'முத்து, குமார் இருவரும்' என்றோ எழுதியிருக்க வேண்டும். ஒரு காற்புள்ளிக்கும் ஒரு 'க்'குக்கும் நடுவே ஆள் மாறுகிறார். இந்த வரியை எழுதும்போது 'எடுத்தான்' என்று முடித்துவிடாதீர்கள். எடுத்தான், எடுத்தார், எடுத்தார்கள் என்ற வினைமுற்று எதுவாக இருந்தாலும் அது எண்ணையும் மரியாதையையும் காட்டிவிடும். பிள்ளைகள் நிறுத்தக்குறியைப் பார்க்காமல் விகுதியை வைத்தே விடை சொல்லிவிடுவார்கள். 'எடுத்ததை' என்பதில் அந்த அடையாளம் எதுவும் இல்லை.

இரண்டாவது, டீக்கடைக்காரர் வாக்குமூலம்: 'உள்ளே போனவர் வேட்டியில் சிவப்புக் கரை இருந்தது. முகம் தெரியவில்லை.' கரை என்றால் வேட்டியின் ஓரம். கறை என்றால் அழுக்கு. செல்வம் எப்போதும் சிவப்புக் கரை வேட்டிதான் கட்டுவார் என்று புகார்க் கடிதத்தில் ஒரு வரி வையுங்கள். எல்லாக் குழுவும் செல்வத்தைப் பிடித்துக்கொள்ளும். அன்று மட்டும் அவர் காக்கி அரைக்கால் சட்டையில் இருந்தார் என்பதை நடுவர் குறிப்பில் போடுங்கள். வேட்டியே இல்லாதவருக்குக் கரை ஏது? அதே குறிப்பில் முத்துக்குமார் செம்மண்ணில் வழுக்கி விழுந்த செய்தியும் இருக்கட்டும். சரியான சொல் 'கறை' என்று இரண்டு தாளை ஒப்பிட்டால்தான் தெரியும்.

ர, ற பிழைக்கு இத்தனை இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ல, ள வேறுபாட்டைக் காது ஓரளவு பிடித்துவிடும். இன்றைய பேச்சில் கரையும் கறையும் பெரும்பாலான இடங்களில் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. உச்சரித்துப் பார் என்று சொல்லிப் பயனில்லை. பொருளோடு எழுத்தைச் சேர்த்துத்தான் மனத்தில் பதிக்க முடியும்.

மூன்றாவது, அறைத் தரையில் கிடந்த பட்டறைச் சீட்டு: 'பல கை பட்டு நசுங்கிய கோப்பை 1, ஒடுக்கு எடுக்க.' பலர் கைபட்டால் விரல் தடம் விழும், கோப்பை நசுங்காது. இடைவெளியை எடுத்துவிட்டால் 'பலகை பட்டு.' எந்தப் பலகை, அது யார் பொறுப்பு என்று கேள்வி அடுத்தடுத்து வரும். சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுவது பொருளையே மாற்றும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

நான்காவது, குமாரின் வாக்குமூலம்: 'செல்வம் அண்ணன் நான் அறையைப் பூட்டவில்லை என்றார்.' பூட்டாதது யார், செல்வமா குமாரா? மேற்கோள் குறி இல்லாமல் இதற்கு விடை இல்லை. சாவிப் பதிவேட்டில் 'அறைச் சாவி: செல்வம், காலை 8.30' என்று ஒரு வரி இருந்தால், செல்வம் அண்ணன், "நான் அறையைப் பூட்டவில்லை" என்றார் என்பதே சரி என்று தெரியும். அறை திறந்தே கிடந்தது, யாரும் போயிருக்கலாம், சாவி வைத்திருந்தவர் மேல் மட்டும் சந்தேகப்பட முடியாது.

ஐந்தாவது, நடுவர் குறிப்பு. தலைப்பு 'அரையிறுதி, இரண்டாம் பாதி.' கீழே: 'குமார் காலை பிடித்தான், ரைடர் அவுட். 11.22: செல்வம் வழுக்கும் இடத்தில் மண் போட்டார்.' ஒற்று இல்லாத 'காலை பிடித்தான்' காலைப் பொழுதைக் குறிக்கும். குமார் பிடித்தது அரையிறுதிக்கு முன் காலையில் நடந்த ஏதோ ஓர் ஆட்டத்தில் என்று ஒரு குழு வாதிடும். தலைப்பைப் பார்த்து 'காலைப் பிடித்தான்' என்று திருத்தும் குழு, அந்த நேரத்தில் குமார் களத்தில் எதிராளியின் காலோடு இருந்தான் என்பதை நிலைநாட்டிவிடும். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்ற விதி இங்கே ஒருவனைக் காப்பாற்றுகிறது.

மற்ற பிழைகள்

இந்த ஐந்து போக, ஆறு தாளிலும் சேர்த்துப் பதினைந்து பிழைகளுக்கு மேல் வேண்டாம். சீட்டுகள் இரண்டும் போக, ஒரு தாளுக்கு 80 முதல் 100 சொல், அதில் மூன்று நான்கு பிழை. அதைத் தாண்டினால் பிள்ளைகள் எல்லாச் சொல்லையும் சந்தேகப்படத் தொடங்கி, சரியானதையும் அடித்துவிடுவார்கள்.

எந்தப் பிழையை வைப்பது என்பதில், பிள்ளைகள் நோட்டில் நிஜமாகவே வரும் பிழைகளை எடுங்கள். 'பயிற்ச்சி', 'முயற்ச்சி' இரண்டும் விளையாட்டுச் செய்தியில் தானாகவே வந்து உட்காரும். ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு மெய்யெழுத்து வராது. ஆகவே பயிற்சி, முயற்சி. பக்கத்திலேயே 'அதிர்ச்சி' என்ற சரியான சொல்லையும் போடுங்கள். ர் என்ற மெய்க்குப் பின் ச் வரலாம் என்பதால் அது சரி. விதி தெரியாமல் திருத்துகிறவர்கள் அங்கே மாட்டுவார்கள். 'சுவற்றில்' (சுவரில்), 'மணம் வருந்துகிறோம்' (மனம்), 'பந்தை எரிந்தான்' (எறிந்தான்) இவையும் பொருந்தும். ண, ன, ந குழப்பத்துக்கு இன எழுத்து கைகொடுக்கும்: ட முன் ண், ற முன் ன், த முன் ந்.

நிறுத்தக்குறியில் ஒரு பிழையைத் தவறாமல் வையுங்கள்: 'யார் எடுத்தது என்று தெரியவில்லை?' உள்ளே 'யார்' இருப்பதால் பிள்ளைகள் வினாக்குறி போட்டுவிடுகிறார்கள். வாக்கியம் கேள்வி கேட்கவில்லை, முற்றுப்புள்ளிதான் வேண்டும்.

இரண்டு வடிவமும் வழக்கில் உள்ள சொற்களைத் தொடவே வேண்டாம். பவளம், பவழம் இரண்டும் உண்டு. கருப்பு, கறுப்பு பற்றிய வாதம் தொடங்கினால் பாடவேளை அதிலேயே முடியும். வாக்குமூலங்களைப் பேச்சுத்தமிழில் எழுதுவதும் கூடாது. 'போயிட்டாரு' என்பதைப் பிழையாக எடுப்பதா விடுவதா என்று குழுவுக்குக் குழு முடிவு மாறும்.

தாள் தயாரிப்பு

புகார்க் கடிதம், நடுவர் குறிப்பு, குமார் வாக்குமூலம், டீக்கடைக்காரர் வாக்குமூலம், துண்டுச்சீட்டு, பட்டறைச் சீட்டு என்று ஆறு. சாவிப் பதிவேட்டைப் புகார்க் கடிதத்தின் அடியில் மூன்று வரியில் சேர்த்துவிடலாம். முதலில் ஆறையும் பிழையே இல்லாமல் எழுதி, அதை விடைத்தாளாகத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் நகலில் பிழைகளை நுழைத்துவிடுங்கள். நேரடியாகப் பிழையோடு எழுதினால், நினைக்காத இடத்திலும் பிழை விழும். வகுப்பில் அது தெரியவரும்போது எது திட்டமிட்டது எது தவறியது என்று உங்களுக்கே குழம்பும். கைப்பேசியில் தட்டச்சுச் செய்தால் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். 'கறை'யையும் 'கரை'யையும் அது தன் விருப்பப்படி மாற்றிவிடும். துண்டுச்சீட்டைக் கையால் எழுதுவதே சிறப்பு, சொல் இடைவெளியை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் விடுங்கள்.

வகுப்பில்

நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் வாசிக்க, ஒருவர் பென்சிலால் வட்டமிட, ஒருவர் காரணம் எழுத, ஒருவர் மூன்று பெயரும் உள்ள அட்டவணையில் துப்புகளைப் பதிய வேண்டும். முதல் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. வாய்விட்டுப் படித்தால் நல்ல வாசகர் தானாகவே நிறுத்தி, காற்புள்ளி இருப்பது போலப் படித்துவிடுவார். மற்ற மூவரும் அது இல்லாததைப் பார்க்க மாட்டார்கள். அடுத்த பதினைந்து நிமிடத்தில், துண்டுச்சீட்டை மூன்று விதமாக நிறுத்திப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 6ஆம் வகுப்புக்கு ஒவ்வொரு தாளிலும் எத்தனை பிழை என்று மேலே எழுதிவிடலாம். 8ஆம் வகுப்புக்குச் சொல்ல வேண்டாம்.

புள்ளியைக் கபடி முறையிலேயே கொடுங்கள். பிழையைக் கண்டுபிடித்தால் 1, காரணத்தோடு சொன்னால் போனஸாக இன்னொன்று. சரியான சொல்லைத் திருத்தினால் எதிர்க்குழுவுக்கு 1. இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வட்டமிடுவார்கள். ஒரு தாளை முழுவதும் சுத்தப்படுத்தினால் லோனா (எதிரணி முழுவதையும் வெளியேற்றுவது) மாதிரி கூடுதலாக 2. ஆளின் பெயரை மட்டும் சொல்லும் குழுவுக்குப் புள்ளி இல்லை. எந்த எழுத்து, எந்தக் குறி அவரைக் காட்டியது என்று சொல்ல வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனித்தனியாக, 60 முதல் 80 சொல்லில் விசாரணை அறிக்கை எழுத வேண்டும். கறை, பலகை, காலைப் பிடித்தான், முத்துக்குமார், மேற்கோளோடு ஒரு வாக்கியம், ஐந்தும் அதில் கட்டாயம். இதைத் தவிர்க்கக் கூடாது. கண்ணில் பட்ட தப்பு வடிவம்தான் மனத்தில் தங்கும் என்ற அபாயம் இந்தப் பயிற்சியில் உண்டு. கையால் சரியாக எழுதினால்தான் அது விலகும். அதே காரணத்தால் பிழையுள்ள தாள்களை வகுப்பு முடிந்ததும் வாங்கிவிடுங்கள், வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கரும்பலகையில் தப்பான வடிவத்தை எழுதி அடித்துக் காட்டுவதும் வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து, கபடியே இல்லாத பத்து வாக்கியங்களைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: ஆற்றின் கரை, மை பட்ட கறை, காலை வந்தான், காலைத் தூக்கினான். துப்பாக வந்த சொற்களில் யாருக்குச் சறுக்குகிறதோ அந்தப் பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்த்து, அடுத்த வழக்கை அவர்களையே எழுதச் சொல்லலாம். அதற்கு உதவும் ஜோடிகள்: ஒலி-ஒளி, வலி-வழி, கைக்குட்டை-கை குட்டை. 'குமாருக்குப் பின்பக்கம் வலி இருந்தது' என்பதில் ஓர் எழுத்தை மாற்றினால், முதுகுவலியோடு உட்கார்ந்திருந்த ஆட்டக்காரன் பின்வாசல் வழியே தப்பிப் போயிருக்கலாம் என்று ஆகிவிடும். அவர்கள் எழுதும் வழக்குக்கும் அதே இரண்டு நிபந்தனை: முதலில் பிழையில்லாத விடைத்தாள், பிறகு பிழையால் மாட்டும் ஆள்.