கூடை மீனில் சாதா கெண்டையை அடையாளம் காண்பது எப்படி?

வீராணம் ஏரிக்கரையில் மீன் வாங்க நின்றால் கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஒரே கூடையில் கலந்து கிடக்கும். அவற்றோடு சாதா கெண்டையும் (காமன் கார்ப்) இருக்கலாம். இது நம் ஊர் மீன் இல்லை. 1957இல் பாங்காக்கிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவந்த இனம். இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம்.

படி 1: வாயைப் பாருங்கள். சாதா கெண்டைக்குப் பக்கத்துக்கு இரண்டாக நாலு மீசை உண்டு. மேலுதட்டில் இருப்பது குட்டை, வாயோரத்தில் இருப்பது நீளம். கட்லாவுக்கு மீசையே கிடையாது. தலை பெரிது, வாய் மேல்நோக்கியது. ரோகு, மிர்கால் மீசையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

படி 2: மீசையில் குழம்பினால் முதுகுத் துடுப்புக்குப் போங்கள். நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன். சாதா கெண்டைக்கு அது நடுமுதுகிலிருந்து வால் பக்கம் வரை நீளமாக ஓடும். அதன் முன்முள் கெட்டியானது, பின்விளிம்பில் ரம்பம் போலப் பல் இருக்கும். மெதுவாகத் தடவுங்கள், விரலைக் கிழித்துவிடும். நம் கெண்டைகளுக்குத் துடுப்பு குட்டை, இப்படி முள்ளும் இல்லை.

படி 3: செதில். அங்கங்கே பெரிய செதில் மட்டும் மின்னினால் அது கண்ணாடிக் கெண்டை. அதுவும் இதே இனம்தான். இந்த வகை மட்டும் அதற்கும் முன்பே, 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது.

ஜிலேபிக் கெண்டையை இதோடு சேர்க்காதீர்கள். பெயரில்தான் கெண்டை, குடும்பமே வேறு. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான்.

சரி, ஏன் இவ்வளவு பாடு? கட்லாவும் ரோகுவும் முட்டையிட மழைக்கால ஆற்று வெள்ளம் வேண்டும். சாதா கெண்டைக்குத் தேங்கிய நீரும் கொஞ்சம் பாசியும் போதும். ஒரு கிலோ எடையுள்ள பெட்டை லட்சம் முட்டைக்கு மேல் இடும். புழுவுக்காக அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் கலங்கி, வெயில் அடிவரை இறங்காமல், நீர்ச்செடிகள் அழிகின்றன. விரால் கூடு கட்டுவது அந்தச் செடிகளுக்கு நடுவில்தான்.

படி 4: தூண்டிலில் சிக்கினால் உயிரோடு வேறு ஏரியிலோ கிணற்றிலோ விடவே விடாதீர்கள். புதுச்சேரி பக்கம் உள்ள ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலே வேண்டாம். பிடித்ததைக் குழம்பு வையுங்கள். மண்வாடை அடிக்கும், கல்லுப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் குறையும்.